குளக்கரையில் நிற்கும் குளநெல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தஞ்சை நாட்டில் சம்பாப் பயிர் பச்சை கட்டி நிற்கும். அக்காலத்தில் ஊர்க் குளத்தின் ஓரத்தையும், தண்ணீர் தேங்கும் பள்ளங்களையும், வடிகால் வாய்க்காலின் கரைகளையும் உற்றுப் பார்ப்போமாயின், சிற்சில இடங்களில் நெற்பயிரைப் போன்றே தோன்றும் ஒரு புல் கதிர் தள்ளி நிற்பதைக் காணலாம். தாளும் இலையும் நெல்லின் தாளும் இலையுமே. ஆனால் கதிர் அடர்த்தியின்றி விரிந்திருக்கும். ஒவ்வொரு மணியின் நுனியிலும் நீண்ட, கூரிய வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மணி முற்றியதும் கதிரில் தங்குவதில்லை. காற்று அசைத்த மாத்திரத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்து தண்ணீரிலும் சேற்றிலும் விழுந்துவிடும். உமியை நீக்கிப் பார்த்தால் அரிசி சிவந்திருக்கும்.

இதுவே குளநெல். காட்டு நெல் என்றும் கூறுவர். வடமொழியில் இதற்கு நீவாரம் என்று பெயர். முனிவர்களின் உணவாகப் பழைய நூல்கள் இதனைக் கூறும். ஏர் கொண்டு உழுது விளைவித்த தானியத்தை விரத நாளில் உண்ணலாகாது என்று கருதும் வட இந்தியர் சிலர் இன்றும் இவ்வரிசியைத் தேடி வாங்கிச் சமைக்கின்றனர். நம் பக்கத்திலோ இதனை யாரும் ஒரு பொருளாக மதிப்பதில்லை. மாடு மேயும், குளம் வெட்டுவோர் வேரோடு பெயர்த்தெறிவர், வயலில் தலைகாட்டினால் குடியானவர் களை என்று பிடுங்கிப் போடுவர். வயலில் பிடுங்குவது சரியே. குளத்திலும் அதனை அடியோடு ஒழித்துவிடலாமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைச் சற்றுக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். ஏனெனில் ஊர்க் குளத்தைப் பற்றிய முடிவு பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

புகையானும் ஒரு குளநெல்லும்

புகையானை அறியாத தஞ்சை விவசாயி இரார். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில் மொய்த்திருந்து சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி அது. வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்தாற்போல் காய்ந்துவிடும். இப்பூச்சி தரும் கேடு இவ்வளவோடு நிற்பதில்லை. நோயுற்ற பயிரின் சாற்றைக் குடித்த புகையான், நல்ல பயிருக்குத் தாவும்போது ஒரு வைரஸ் நோயையும் உடன் கொண்டுசெல்கிறது. அந்நோய் கண்ட பயிர் வளர்ச்சி குன்றும். அளவுக்கு மிஞ்சித் தூர் விடும். இலைகள் குறுகி, விறைத்து, வெளுத்துப் புல்லைப்போல் நிற்கும். கதிர் வருவதில்லை, வந்தாலும் பதரே. புல் குட்டை நோய் என்று அதனைச் சொல்லலாம்.

1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அதிக விளைச்சல் தரும் குட்டை ரகங்கள் ஆசிய நாடுகளில் விரைந்து பரவின. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே வகைப் பயிர், ஆண்டுக்கு இருபோகம், முப்போகம், தழைச்சத்தும் மிகுதி. புகையானுக்கு இதனினும் நல்ல விருந்து கிடைக்குமா? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளில் பூச்சியும் நோயும் கைகோத்து வந்தன. நம் அண்டை மாநிலமான கேரளமும் அக்காலத்தில் புகையானால் பெரும் இழப்புக்கு உள்ளாயிற்று.

பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்னும் இடத்தில் 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்நோயைத் தாங்கும் நெல்லைத் தேட முற்பட்டனர். பல நாடுகளிலிருந்து திரட்டி வைத்திருந்த விதை மாதிரிகளை முளைக்கவிட்டு, நோய் தாங்கிய புகையானை அவற்றின்மேல் விட்டுச் சோதித்தனர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. உயர்ந்த ரகங்கள், பழைய நாட்டு ரகங்கள் யாவும் நோய்க்கு இரையாயின. நோயை நன்கு எதிர்த்து நின்றது ஒரே ஒரு மாதிரிதான். அது எவரும் பயிரிட்ட நெல் அன்று. நம் நாட்டின் உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்து அனுப்பப்பட்டிருந்த குளநெல். தாவர நூலார் அதனை ஒரைசா நிவாரா என்பர். நீவாரம் என்ற பழம்பெயரைக் கொண்டு 1965இல் அப்பெயரைச் சூட்டியவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகளாகிய சர்மா, சாஸ்திரி என்னும் இருவர்.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. நம் பொருளுக்கு அதுவே முக்கியமானது. அந்த ஒரு மாதிரியிலும் எல்லாச் செடிகளும் நோயைத் தாங்கவில்லை. ஒரே இடத்தில் பொறுக்கிய விதையிலிருந்து முளைத்தவற்றுள் சில மாண்டன, சில பிழைத்தன. பிழைத்த அச்சில செடிகளே பின்வந்த அனைத்துக்கும் தாயாயின.

குர்தேவ் சிங் குஷ் என்ற இந்திய விஞ்ஞானியின் தலைமையில் அக்குளநெல்லை ஐ.ஆர். 24 என்னும் ரகத்துடன் கலந்தனர். பிறந்த பிள்ளைகளை மீண்டும் மீண்டும் ஐ.ஆர். 24 உடனேயே சேர்த்தனர். மணி உதிர்தல், வால் முதலிய காட்டுக் குணங்கள் இம்முறையால் தலைமுறைக்குத் தலைமுறை நீங்கின. நோய் எதிர்க்கும் குணம் மட்டும் எஞ்சிற்று. அக்குணம் ஒரே ஒரு மரபணுவைச் சார்ந்திருந்ததால் இது விரைவில் கைகூடிற்று. 1974இல் ஐ.ஆர். 28 முதலிய ரகங்களும், 1976இல் ஐ.ஆர். 36 ரகமும் வெளிவந்தன. ஐ.ஆர். 36 அதன் உச்ச காலத்தில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் பயிராயிற்று. அதற்கு முன் வேறெந்த நெல் ரகமும் அவ்வளவு பரப்பில் விளைந்ததில்லை என்பர்.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். 1980ஆம் ஆண்டுகளில் நம் குறுவைப் பட்டத்தில் பெயர் பெற்றிருந்த ஐ.ஆர். 50, ஐ.ஆர். 28இன் வழி வந்தது. அந்த ஐ.ஆர். 50ஐ மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியோடு கலந்து பெற்றதே ஆடுதுறை 43. சன்ன அரிசிக்காக அதனைப் பயிரிட்டவர்கள் தங்கள் வயலில் நின்ற பயிரின் முன்னோர் வரிசையில் ஒரு குளத்துப் புல்லும் உண்டு என்பதை அறிந்திருக்க நியாயமில்லை.

இக்கதைக்கு ஒரு கசப்பான பின்பகுதியும் உண்டு. 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டிலும், தொடர்ந்து நம் தமிழ்நாட்டிலும், அந்நோயின் வேறொரு கடுமையான இனம் கண்டறியப்பட்டது. குளநெல் தந்த மரபணுவால் அதனைத் தடுக்க இயலவில்லை. பூட்டு ஒன்றாயிருந்தது, நோய் வேறொரு சாவி செய்துகொண்டது. ஒரு மரபணுவைப் பெற்றுவிட்டோம், இனிக் காட்டு நெல் நமக்கு எதற்கு என்று எவரேனும் கேட்டால் அவருக்குச் சொல்லக்கூடிய விடை இதுவே.

ரகம் வேறு, கூட்டம் வேறு

விதைப் பண்ணையிலிருந்து சான்று பெற்ற விதையை வாங்கி நடுகிறோம். எல்லாப் பயிரும் ஒரே உயரம். ஒரே வாரத்தில் கதிர். ஒரே நாளில் அறுவடை. நாம் விரும்பிப் பெற்ற நன்மை இது. ஆனால் ஒரு பயிரை வெல்லத் தெரிந்த நோய் வயல் முழுவதையும் வெல்லும் என்பதும் இதனுள் அடங்கியிருக்கிறது.

குளநெல்லின் நிலை வேறு. ஒரு குளத்தில் அல்லது பள்ளத்தில் சேர்ந்து வாழ்ந்து, தமக்குள் மகரந்தம் கலந்து இனம் பெருக்கும் செடிகளை ஒரு கூட்டம் என்று சொல்வோம். அக்கூட்டத்தில் ஒரு செடி முன்னதாகப் பூக்கும். மற்றொன்று பத்து நாள் பொறுத்துப் பூக்கும். ஒன்றின் வால் சிவப்பு; ஒன்றின் வால் வெளுப்பு. ஒன்று படர்ந்து கிடக்கும். ஒன்று நிமிர்ந்து நிற்கும். இவை கண்ணுக்குத் தெரியும் வேற்றுமைகள். நோய், உப்பு, வறட்சி, வெள்ளம் இவற்றைத் தாங்குவதிலும் இத்தகைய வேற்றுமைகள் உள்ளே மறைந்திருக்கின்றன. அவை சோதனை வரும் நாளில்தான் வெளிப்படும். உத்தரப் பிரதேசத்துச் செடிகள் பல்லாண்டுகளாகத் தம் இடத்தில் நின்றிருந்தபோது அவற்றுள் சிலவற்றுக்குப் புல் குட்டை நோயைத் தாங்கும் ஆற்றல் உண்டென்று யாருக்கும் தெரியாது. இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு குளங்களிலிருந்து பத்துப் பத்துக் கதிர்களைப் பறித்து வந்து பள்ளிக்கூடத்து மேசைமேல் பரப்பி, வாலின் நீளம், மணியின் பருமன், உமியின் நிறம் ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டே அளந்து எழுதச் செய்யலாம். எந்த வேற்றுமை ஒரே குளத்துக்குள் இருக்கிறது, எது குளத்துக்குக் குளம் இருக்கிறது என்பது அரை நாளில் புலப்படும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது ஏன் வேண்டும் என்பதை விளக்க நெற்பூவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நெல்லின் பூ முற்பகல் வேளையில் சிறிது நேரமே திறந்திருக்கும். திறக்கும் தருவாயிலேயே ஆறு மகரந்தப் பைகளும் வெடித்து, தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழுந்துவிடும். ஆகையால் நாம் பயிரிடும் நெல்லில் அயற்பூவின் மகரந்தம் சேர்வது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுகூடப் பெரும்பாலும் இராது. காட்டு நெல்லில் இரு முக்கிய வகைகள் உள்ளன. ஒன்று மேலே கூறிய நீவாரம். அது ஓராண்டுச் செடி. மழையில் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, கோடையில் குளம் வற்றும்போது மடியும். இது பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும். மற்றொன்று ரூபிபோகன் என்று நூலார் கூறும் பல்லாண்டு வகை. தண்ணீர் எளிதில் வற்றாத இடங்களில் நிலைத்து வாழ்ந்து, தாளின் கணுக்களிலிருந்து வேர்விட்டுப் படரும். இதன் மகரந்தப் பைகள் நீளமானவை. சூல்முடி பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆதலின் காற்றில் வரும் அயல் மகரந்தத்தை இது பெருமளவில் ஏற்கும்.

இதன் விளைவு யாது? தன் மகரந்தத்தையே ஏற்கும் ஓராண்டு வகையில் ஒரு குளத்துச் செடிகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கும். ஆனால் அடுத்த குளத்துச் செடிகளிலிருந்து மாறுபட்டிருக்கும். பல்லாண்டு வகையிலோ ஒரே குளத்துக்குள்ளேயே மிகுந்த வேற்றுமை நிறைந்திருக்கும். முதல் வகையில் ஒரு குளத்துக் கூட்டம் அழிந்தால், வேறெங்கும் இல்லாத ஒன்று அழிந்துபோக நேரும். அடுத்த ஊர்க் குளத்தில்தான் இருக்கிறதே என்று நாம் ஆறுதல் அடைய முடியாது. இரண்டாவது வகையில் கூட்டம் சிறுத்துப்போவதே பெருங்கேடு. பத்து ரக நெல்லைக் கலந்து வைத்த குதிரிலிருந்து ஒரு பிடி அள்ளினால், மிகுதியாக இருந்த ரகங்கள் கைக்கு வரும். அரிதாக இருந்தவை பெரும்பாலும் வாரா. ஆயிரம் செடிகள் நின்ற ஓரத்தில் இருபது செடிகளை மட்டும் விட்டுவைத்தால் நடப்பது அதுவே. செடி தப்பியது போலத் தோன்றும். அரிய குணங்கள் போய்விடும்.

சேற்றுக்குள் இருக்கும் விதையையும் மறந்துவிடக் கூடாது. நம் வயல் நெல் ஈரம் பட்டதும் முளைக்கும். சில ரகங்கள் மழையில் கதிரிலேயே முளைத்து நம்மை வருத்துவதும் உண்டு. குளநெல் அப்படியன்று. உதிர்ந்த விதைகளில் ஒரு பகுதி அடுத்த மழைக்கு முளைக்கும். ஒரு பகுதி சேற்றில் உறங்கியிருந்து அதற்கடுத்த ஆண்டுகளில் முளைக்கும். ஓராண்டு மழை பொய்த்து முளைத்தவை யாவும் காய்ந்தாலும் கூட்டம் அழியாமைக்கு இதுவே காரணம். ஆக, குளத்தின் ஓரச் சேறு தானே ஒரு விதைக் களஞ்சியமாக இருக்கிறது.

வேறு சில உதவிகள்

ஒரு நோயைப் பற்றி விரிவாகக் கூறினோம். காட்டு நெல் செய்துள்ள பிற உதவிகளைச் சுருக்கமாகக் குறிப்பிடுவோம். கோயமுத்தூரில் 1912இல் தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையத்தார், புகழ்பெற்ற ஜி.இ.பி. 24 ரகத்தைப் பல்லாண்டுக் காட்டு நெல்லுடன் கலந்து வறட்சி தாங்கும் கோ. 31 ரகத்தை உண்டாக்கினர். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றிலிருந்து பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தடுக்கும் மரபணு கிடைத்தது. ஐதராபாத்து விஞ்ஞானிகள் அதனையும் சேர்த்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியிடப்பட்டது.

வீரிய ஒட்டு நெல்லின் வரலாறு இன்னும் வியப்பானது. 1970 நவம்பரில் சீனாவின் ஹைனான் தீவில், யுவான் லாங்பிங் என்பாரின் குழுவைச் சேர்ந்தவர்கள், சதுப்பில் நின்ற காட்டு நெற்கூட்டத்தில் மகரந்தம் மலடாகிப்போன செடி ஒன்றைக் கண்டனர். தன் மகரந்தம் பயனற்றதாயின் அச்செடி பிற ரகத்தின் மகரந்தத்தை ஏற்றே விதை கட்ட வேண்டும். ஒட்டு விதை உற்பத்திக்குத் தேவையான குணம் அதுவே. 1976 முதல் சீனாவில் ஒட்டு நெல் பெரும்பரப்பில் பயிராயிற்று. ஆடுதுறையில் உருவாகி 1998இல் வெளிவந்த ஏ.டி.டி.ஆர்.எச். 1 என்ற ஒட்டு ரகத்தின் தாய்ப் பயிரும் ஹைனான் செடியிலிருந்து வந்த அம்மலட்டுத் தன்மையை உடையதே. அன்று அச்சதுப்பை யாரேனும் மண்ணிட்டு மேடாக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

கடலோர ஊராருக்கு ஒரு சொல். கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சேற்றில், கடல் நீர் ஏறி இறங்கும் இடத்தில், நெல்லுக்கு உறவான மற்றொரு புல் வளர்கிறது. அதன் இலைமேல் உள்ள நுண்ணிய மயிர்கள் உடலில் ஏறிய உப்பை வெளியேற்றிவிடும். நெல்லுடன் அதனை ஒட்டுவது மிகக் கடினம். ஆயினும் சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதன் மரபணுக்களை ஆராய்ந்து வந்துள்ளனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் நாகை மாவட்ட வயல்களில் உப்பு நீர் புகுந்ததை நேரில் கண்டவர்களுக்கு இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அழிவு வரும் வழிகள்

தைவான் தீவில் நடந்தது ஓர் எச்சரிக்கை. அங்கே பல்லாண்டுக் காட்டு நெல் முன்பு குளங்களிலும் கால்வாய்களிலும் வளர்ந்து வந்தது. அதன் அழிவைப் பற்றி ஆராய்ச்சியாளர் 1979இலேயே கட்டுரை எழுதிவிட்டனர். வாழும் இடம் சுருங்கியது ஒரு காரணம். சுற்றிலும் இருந்த வயல் நெல்லின் மகரந்தம் ஓயாது கலந்தது மற்றொரு காரணம். ஒரு சிறு காட்டுக் கூட்டத்தை நாற்புறமும் வயல் சூழ்ந்திருந்தால், தலைமுறைக்குத் தலைமுறை அது வயல் நெல்லாகவே கலங்கிப்போகும். செடி நிற்கும், ஆனால் பழைய குளநெல் அன்று. சீனாவில் ஜியாங்சி மாகாணத்து டோங்சியாங் என்னும் இடத்தில் எஞ்சியுள்ள கூட்டங்களைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் காத்து வருகின்றனர்.

நம் பக்கத்தில் நிகழக்கூடியவற்றைப் பார்ப்போம். குளத்தின் நான்கு கரைகளையும் செங்குத்தாக வெட்டி, சிமெண்டுச் சரிவும் படியும் கட்டிவிடுவது முதலாவது. குளநெல்லுக்கு வேண்டியது ஆழமான நடுக்குளம் அன்று. கணுக்கால், முழங்கால் அளவு தண்ணீர் ஏறி இறங்கும் சரிந்த ஓரம். அது போனால் குளநெல்லும் போயிற்று. ஆகாயத் தாமரை மூடிக்கொள்வதும், கரையில் சீமைக் கருவேல் அடர்வதும், வாய்க்கால் ஓரத்தில் களைக்கொல்லி தெளிப்பதும், சிறு பள்ளங்களை மண் அடித்து மனையாக்குவதும் மற்றவை. இவற்றுள் ஆகாயத் தாமரையையும் கருவேலையும் அகற்றினால் குளத்துக்கும் நன்மை, குளநெல்லுக்கும் நன்மை.

தூர் வாருதல் கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். தூர் வாராத குளம் குளமாகாது. தண்ணீர் நிற்காத இடத்தில் குளநெல்லும் நிற்காது. ஒரே கோடையில் நாற்கரை ஓரத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடாமல், ஒரு பக்கத்து ஓரத்தை அவ்வாண்டு விட்டுவைத்து, மறுமுறை வாரும்போது எதிர்ப்பக்கத்தை விட்டுவைத்தால் போதும். ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைக்குமுன்பே எந்த ஓரம் என்று முளை அடித்துக் காட்டிவிடுவது நல்லது. இயந்திரம் வந்த பிறகு சொன்னால் காதில் விழாது.

வயலில் வந்தால்?

இவ்வளவு புகழ்ந்த பிறகும், வயலுக்குள் குளநெல் நுழைவதை விவசாயி பொறுக்க வேண்டியதில்லை. அதுவும் வயல் நெல்லும் கலந்து பிறக்கும் களை நெல் பொல்லாதது. இளமையில் பயிரிலிருந்து பிரித்தறிய முடியாது. அறுவடைக்கு முன்பே உதிர்ந்து, மறு பட்டத்தில் முளைக்கும். அரிசியில் சிவப்பு மணி கலந்து விலையைக் கெடுக்கும். நடவுக்கு ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புப் பெருகும் இடங்களில் இத்தொல்லையும் பெருகும். வரிசை நடவில் வரிசைக்கு வெளியே நிற்பதைப் பிடுங்க முடியும், விதைத்த வயலில் அது இயலாது. முதல் தண்ணீர் கட்டிக் களை நெல்லை முளைக்கவிட்டு, பின் சேற்றுழவில் மடக்கிவிடுவது பயனுள்ள முறை. வால் நீட்டிய கதிரைக் கண்டவுடன், மணி முற்றுமுன் அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். மத்திய இந்தியாவில் சில பகுதியினர் ஊதா நிற இலையுடைய ரகம் ஒன்றைப் பயிரிட்டு, பச்சையாக முளைப்பதையெல்லாம் பிடுங்கிவிடும் தந்திரத்தைக் கையாண்டனர்.

இங்கே அதிகம் கவனிக்கப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். குளத்து வண்டல் வயலுக்கு நல்ல எரு என்று வண்டி வண்டியாக ஏற்றிச் செல்கிறோம். ஓரச் சேற்றில் உறங்கும் குளநெல் விதையும் அவ்வண்டியிலேயே வயலுக்குப் போய்ச் சேரும். ஆதலின் நடுக்குளத்து வண்டலை வயலுக்கும், குளநெல் நின்ற ஓரத்து மண்ணைத் தென்னந்தோப்புக்கும் கரை உயர்த்தவும் பயன்படுத்துவது அறிவுடைமை. நாற்றங்காலுக்கு ஓர மண்ணை ஒருபோதும் இடலாகாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

பழைய நாட்டு ரகங்களைக் காக்க நம் பக்கத்தில் ஆர்வலர் பலர் தோன்றியுள்ளனர். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில், 2018இல் மறைந்த நெல் ஜெயராமன், நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்டு, ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி விவசாயிகளுக்கு வழங்கினார். காட்டு நெல்லுக்கோ அவ்வாறு வீட்டில் வைத்துக் காப்போர் இல்லை. அதற்குப் பானையும் குதிரும் ஒத்துவாரா. தன் இடத்தில் ஆண்டுதோறும் முளைத்து, வெள்ளத்திலும் கோடையிலும் நோயிலும் அடிபட்டு, புதிய குணங்களோடு மாறிக்கொண்டே வாழ்வதுதான் அதன் சிறப்பு. குளிர் அறையில் வைத்த விதை அது சேர்க்கப்பட்ட நாளிலேயே நின்றுவிடுகிறது. விதை வங்கியும் வேண்டும், குளமும் வேண்டும்.

2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்தல் வேண்டும். ஊரில் உள்ள செடி கொடிகள், கால்நடைகள், அவை பற்றி ஊரார் அறிந்தவை ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது அக்குழுவின் வேலை. பல ஊர்களுக்கும் பொதுவான மரங்களின் பெயரை அதில் வரிசையாக எழுதிவிடுவது எளிது. அதனால் பெரும் பயன் இல்லை. குளநெல்லைப் பற்றி எழுதும்போது எந்தக் குளம், எந்தத் திசை ஓரம், எத்தனை அடி நீளத்துக்கு நிற்கிறது, கோடையில் குளம் வற்றுமா வற்றாதா, எந்த மாதம் பூக்கிறது, பக்கத்து வயல் எவ்வளவு தூரம் என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்வி மகரந்தக் கலப்பை முன்னிட்டுக் கேட்பது; வயலிலிருந்து விலகி நிற்கும் கூட்டம் அதிக மதிப்புடையது. இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறு எழுதி வந்தால், எந்தக் குளத்தில் கூட்டம் சுருங்குகிறது என்பது தானே தெரிந்துவிடும். இத்தகைய விவரத்தை நெல்லைப் பற்றி ஆராயும் ஆடுதுறை நிலையத்தார்க்குத் தெரிவித்தால் அவர்கள் வந்து பார்க்கவும் வழியுண்டு.

விதை சேகரிக்க விரும்புவோர் முற்றிய கதிருக்காகக் காத்திருந்தால் வெறும் காம்பே கைக்கு வரும். பூத்து முடிந்ததும் மெல்லிய துணிப்பையைக் கதிரின்மேல் மாட்டிக் கட்டிவிட வேண்டும். உதிர்வது பையில் தங்கும். வற்றும் குளமானால் சிலவே போதும், ஆனால் பல குளங்களுக்குச் செல்ல வேண்டும். வற்றாத இடமானால் ஒரே கூட்டத்தில் தள்ளித் தள்ளி நிற்கும் பல செடிகளிலிருந்து எடுக்க வேண்டும்; அருகருகே நிற்பவை ஒரே செடியின் கிளைகளாக இருக்கக்கூடும். எடுத்ததை நிழலில் உலர்த்தி, ஊர், குளம், நாள் மூன்றையும் சீட்டில் எழுதிப் பைக்குள்ளேயே இட வேண்டும். இரண்டு குளத்து விதையை ஒரே பையில் கலத்தல் ஆகாது.